மூட்லி குடும்பங்களின் வேர் தேடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், இன்றைய குவாசுலு-நேட்டாலில், மூட்லி என்ற குடும்பப் பெயரோடு ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலரும் தமிழ்நாட்டில் இருக்கும் எங்களில் சிலரும் சேர்ந்து, யார் யாருக்கு உறவு, யார் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். யாரும் தொழில்முறை வரலாற்றாசிரியர் இல்லை, வேலை முடிந்த பிறகு ராத்திரியில் பழைய பட்டியல்களை வாசிக்கிறவர்கள்தான். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நானும் மூட்லி, நீங்களும் மூட்லி. அப்படியென்றால் நாம் உறவுதானே?

பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முதலில் இதை ஏற்றுக்கொண்டால்தான் மேலே போக முடியும். மூட்லி என்பது முதலி, முதலியார் என்ற பட்டம் ஆங்கிலேய எழுத்தரின் காதிலும் பேனாவிலும் புகுந்து வந்த வடிவம். தமிழ்நாட்டில் அந்தப் பட்டத்தை ஒரே ஒரு சமூகம் வைத்திருக்கவில்லை. தொண்டைமண்டல வேளாளர், துளுவ வேளாளர், செங்குந்தர், அகமுடையார் என்று பலரும் போட்டுக்கொண்டார்கள். அந்தக் காலத்து வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களில் மட்டும் எத்தனை ஊர்களில் எத்தனை முதலியார் வீடுகள் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத ஆட்கள் வேறு வேறு வருடங்களில் வேறு வேறு கப்பல்களில் போய் இறங்கி, எல்லோருமே மூட்லி ஆனார்கள்.

நிறவெறிக்கு எதிரான கறுப்பு உணர்வு இயக்கத்தில் நின்று ராபன் தீவில் சிறை இருந்த ஸ்ட்ரினி மூட்லியின் பெயரைச் சொல்லி, "அவர் எங்கள் குடும்பமா?" என்று ஆசையோடு கேட்பவர்கள் உண்டு. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அதற்கும் காகிதம் வேண்டும்.

மற்ற பெயர்களும் இப்படித்தானா?

ஆமாம். பிள்ளை, நாயுடு, செட்டி என்பவை அடையாளம் தெரிகிற மாதிரி இருக்கின்றன. கோவெந்தர் என்பது கவுண்டர் என்றும், பாதர் என்பது பத்தர் என்றும், தேவர்தான் தாவெர் என்றும், மேஸ்திரியும் ஆசாரியும் அப்படியே குடும்பப் பெயராகிவிட்டன என்றும் சொன்னால் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். இன்னொரு பக்கம் முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி, ஐயாவு, கெங்கன் என்று அப்பா பெயரோ தாத்தா பெயரோ அப்படியே குடும்பப் பெயராக உறைந்துபோன வீடுகள் இருக்கின்றன.

இங்கேதான் பெரிய சிக்கல். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் மூட்லி என்றும், ஒருவர் முனுசாமி என்றும், ஒருவர் பெருமாள் என்றும் பதிவாகியிருப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரும் வேறு வேறு காலத்தில் வேறு வேறு அலுவலகத்தில் போய் நின்றார்கள், அங்கிருந்தவர் கேட்ட கேள்விக்கு அந்த நேரத்தில் வாயில் வந்த பதிலைச் சொன்னார்கள். ஆகவே மூட்லி என்று இருப்பவர் உங்களுக்கு உறவு இல்லாமல் இருக்கலாம், மூட்லி என்று இல்லாதவர் உங்கள் சொந்தப் பெரியப்பா வம்சமாக இருக்கலாம். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதிக் குடும்பம் கண்ணிலேயே படாது.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது?

எண்ணை. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். முதல் கப்பல் டுரூரோ, சென்னையிலிருந்து 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. நடுவில் 1866 முதல் 1874 வரை ஆள் எடுப்பது நின்றிருந்தது. 1911-ல் மொத்தமாக நிறுத்தும்வரை வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகவும் மீதிப் பேர் கல்கத்தா வழியாகவும் வந்தார்கள்.

பட்டியலில் எத்தனையோ முனுசாமிகள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தான். ஒப்பந்தம், இடமாற்றம், கல்யாணப் பதிவு, பிள்ளை பிறந்த பதிவு, இறப்பு என்று எல்லா இடத்திலும் அந்த எண் கூடவே வரும். ஒரு மனிதரை எண்ணால் கூப்பிட்டது கொடுமை, அதில் இரண்டு கருத்தே இல்லை. ஆனால் அந்தக் கொடுமை விட்டுச்சென்ற தடயம்தான் இன்று அவர்களை அவர்கள் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

எண் எங்கே கிடைக்கும்?

வீட்டில் தொடங்குங்கள், ஆவணக் காப்பகத்தில் தொடங்காதீர்கள். தாத்தா, ஆயாவின் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, இறப்பு அறிவிப்பு, ஒப்பந்தம் முடிந்ததும் கொடுத்த பழைய விடுதலைச் சீட்டு, எதுவானாலும் சரி. நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பழைய பிறப்புப் பதிவுகளில் அப்பா எண், அம்மா எண் இரண்டும் இருக்கும். அது ஒன்று கிடைத்தாலே வேலை பாதி முடிந்த மாதிரி.

வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் டர்பனிலும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் இருக்கும் அரசு ஆவணக் காப்பகங்கள். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரி இருந்தார், அவருடைய அலுவலகக் கோப்புகள்தான் நமக்குப் புதையல். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையமும் இந்த வரலாற்றுக்கென்றே பொருள் சேர்த்துவைத்திருக்கிறது. சொத்து விட்டுப் போனவர்களுக்கு வாரிசுக் கோப்பு இருக்கும், அதில் பிள்ளைகள் பெயர் வரிசையாக வரும், கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட.

அப்புறம் பெரியவர்களிடம் பேசுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நிறவெறி அரசு டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது காகிதங்களும் பெட்டிகளும் தொலைந்தன, பக்கத்து வீட்டுச் சாட்சிகளும் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இப்போது நல்ல வயது.

பெரியவர்களிடம் என்ன கேட்பது? "நம்ம ஊர் எது" என்றால் தெரியவில்லை என்கிறார்கள்.

நேராகக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். சுற்றிக் கேளுங்கள். வீட்டில் எந்தச் சாமிக்குப் படையல்? திரௌபதி அம்மன் கோயில் தீமிதியோடு குடும்பத்துக்குப் பிடிப்பு உண்டா? வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கம் திரௌபதி அம்மன் வழிபாடு ரொம்ப அழுத்தமானது, போனவர்கள் அதையும் கூடவே எடுத்துப் போனார்கள். பாட்டியை ஆயா என்றார்களா, அவ்வா என்றார்களா? அவ்வா என்றால் தெலுங்கு வீடாக இருக்க வாய்ப்பு உண்டு. எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள், உம்சிண்டோவா, டொங்காட்டா, மவுண்ட் எட்ஜ்கோமா? அல்லது ரயில்வேயா, டண்டீ நிலக்கரிச் சுரங்கமா? தோட்டத்தின் பெயரோ முதலாளியின் பெயரோ கிடைத்தால், அதே பெயர் உள்ள பலரில் நம் ஆளைப் பிரித்தெடுக்கலாம்.

கப்பல் பட்டியலில் என்னென்ன இருக்கும்?

எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். கூட வந்தவர்கள் யார் என்பதும் பல இடங்களில் இருக்கும். "இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு" என்ற மாதிரி ஒரு வரியை முதல்முறை வாசிக்கிறவர்கள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். போட்டோவே இல்லாத ஒரு ஆளின் காலில் இருந்த தழும்பு அவருடைய பேரன் பேத்திக்கு இப்போதுதான் தெரியவருகிறது.

எவ்வளவு நம்பலாம் என்றால், வயதை நம்பாதீர்கள், ஐந்து வருடம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தை ஓரளவு நம்பலாம். கிராமத்தின் பெயர் எழுத்துக் கோணலாக இருந்தாலும் பெரும்பாலும் உண்மையான ஊர்தான். ஒன்றைக் கவனியுங்கள்: பட்டியலில் பல பேருக்கு வெறும் ஒற்றைப் பெயர்தான் இருக்கும், மூட்லி என்ற ஒட்டே இருக்காது. அந்த ஒட்டு பின்னால் நேட்டாலில் சேர்ந்தது. ஆகவே கப்பல் பட்டியலில் மூட்லி என்று தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதாதீர்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா பட்டியலிலேயே இல்லை. பொய் சொன்னார்களா?

அவசரப்படாதீர்கள். எழுத்துக்கூட்டல்தான் முதல் சந்தேகம். ஆறுமுகம் என்ற பெயரில் நடு எழுத்து விழுந்திருக்கும், முருகன் மூர்கன் ஆகியிருப்பார், குப்புசாமி கூப்பூசாமி ஆகியிருப்பார். பெயரை வாய்விட்டுச் சொல்லி, தமிழ் தெரியாத ஒருவர் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசித்துத் தேட வேண்டும்.

இரண்டாவது, எல்லோரும் ஒப்பந்தத்தில் வரவில்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகள், கைவினைஞர்கள், மொரிஷியஸிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது, அவர்களுக்குக் காலனி எண் கிடையாது. காந்தியோடு நின்ற தம்பி நாயுடு மொரிஷியஸில் பிறந்தவர். உங்கள் ஆள் நேட்டாலை விட்டு ஜோகன்னஸ்பர்க் பக்கமாகவே ஆரம்பத்திலிருந்து இருந்தால் இந்தப் பாதையையும் பாருங்கள்.

தில்லையாடி வள்ளியம்மை எங்கள் குடும்பம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இது அடிக்கடி வருகிறது. வள்ளியம்மை 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், அப்பா முனுசாமி முதலியார். காந்தி நடத்திய 1913 சத்தியாக்கிரகப் போராட்டத்தில் சிறை போய், நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார், பதினாறு வயது. முதலியார் என்ற ஒட்டும் முனுசாமி என்ற பெயரும் சேர்ந்தவுடன் பல மூட்லி வீடுகளில் இந்தக் கதை ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் மேல் அன்பு இருக்கட்டும், யாருக்குத்தான் இல்லை. குடும்ப மரத்தில் சேர்ப்பதற்கு மட்டும் இடையில் உள்ள ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதம் காட்டுங்கள்.

மரத்தில் பெண்கள் வழி பாதியில் நின்றுபோகிறது. ஏன்?

முதல் காரணம், பெண்கள் குறைவாக வந்தார்கள். கப்பலுக்கு 100 ஆணுக்கு 40 பெண் என்பதே விதியாக இருந்தது. இரண்டாவது காரணம் கல்யாணம். நம் முறைப்படி தாலி கட்டிய கல்யாணங்கள் எத்தனையோ பதிவாகவே இல்லை. 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்களைச் சட்டத்தின் கண்ணில் செல்லாதவை ஆக்கியது. அந்த அவமானம்தான் பெண்களைப் போராடத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1914-ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதாரக் கல்யாணங்களை ஏற்றுக்கொண்டது, அப்புறம்தான் பல வருடங்களுக்கு முன்னால் கட்டிக்கொண்டவர்கள் போய்ப் பதிவு செய்தார்கள். அதனால் கல்யாணத் தேதிக்கு முன்னாலேயே நான்கு பிள்ளைகள் பிறந்திருப்பதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காதீர்கள், அது பதிவின் தேதி, கல்யாணத்தின் தேதி இல்லை.

பாப்பாத்தி, முனியம்மா, வீரம்மா என்று ஒற்றைப் பெயரோடு நிற்கும் இந்தப் பெண்களுக்கும் காலனி எண் இருக்கிறது. அம்மா எண்ணைப் பிடித்துத் தேடுங்கள். அப்பா பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும்போது அம்மாவின் எண் ஒன்றுதான் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும்.

தாத்தா பெயரே பேரனுக்கும் இருக்கிறது. யார் யார் என்றே புரியவில்லை.

முனுசாமி மகன் பெருமாள், அவர் மகன் முனுசாமி, அவர் மகன் பெருமாள். நம் வழக்கம் அது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் இரண்டு முனுசாமிகளை ஒருவராக்கி நடுவில் ஒரு தலைமுறையை விழுங்கிவிடுவார். நாங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே எண்ணையோ, எண் இல்லாதவர்களுக்குப் பிறந்த வருடத்தையோ கட்டாயமாக எழுதுகிறோம். வெறும் பெயரோடு வரும் எந்தத் தகவலையும் மரத்தில் ஏற்றுவதில்லை, தனிப் பட்டியலில் காத்திருக்கும்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

உதவும், ஆனால் நம் குடும்பங்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுவது, தாய்மாமனுக்கே பெண் கொடுப்பது என்று தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. அதனால் ஒரே மூதாதையர் மரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வருவார், இருவருக்குள் பொதுவாக இருக்கும் டி.என்.ஏ. அளவும் கூடும். மூன்றாம் தலைமுறை உறவு முறை (ஆங்கிலத்தில் third cousin) உள்ளவர்களுக்குள் சராசரியாக 70 சென்டிமார்கன் (பொதுவாக இருக்கும் டி.என்.ஏ.-வை அளக்கும் அலகு) சுற்றி இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிற கணக்கு, உறவுக்குள் கல்யாணம் செய்யாதவர்களை வைத்துப் போட்டது. பரிசோதனை நிறுவனம் "இரண்டாம் தலைமுறை உறவு" என்று காட்டினால் நம் விஷயத்தில் அது இன்னும் தூரத்து உறவாக இருக்கலாம், பல வழிகளில் வந்த உறவாகவும் இருக்கலாம்.

ஆண் வழி ஒய் குரோமோசோம் பரிசோதனை வேறு. அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. இரண்டு மூட்லி குடும்பங்களுக்கு நேர் ஆண் வழியில் சமீபத்து மூதாதையர் ஒருவர்தானா என்ற ஒரு கேள்விக்கு, இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடும். ஆமாம் என்று சொல்ல அவ்வளவு சுலபமாக முடியாது. இன்னொரு விஷயம், வீட்டில் யாரும் எதிர்பார்க்காத முடிவும் வரலாம். பெரியவர்கள் பெயரில் பரிசோதனை செய்யும் முன் அவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லி, அவர்கள் சரி என்றால் மட்டும் செய்யுங்கள்.

எங்கள் சாதி என்ன என்று சொல்வீர்களா?

மாட்டோம். பட்டியலில் ஒரு கலம் இருக்கிறது, அதில் எழுதியிருப்பதை அப்படியே பிரதி எடுத்துத் தருவோம், விளக்கம் சொல்ல மாட்டோம். அந்தக் கலத்தில் மலபார், ஜென்டூ என்றெல்லாம் இருக்கும், அவை சாதியே இல்லை, தமிழ் பேசுபவர், தெலுங்கு பேசுபவர் என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்கள். ஊரில் பட்ட அவமானத்திலிருந்து தப்பிக்கவே கப்பல் ஏறியவர்கள் உண்டு, அவர்கள் அங்கே போய் ஒரு பட்டத்தைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டிருந்தால் அது அவர்களுடைய உரிமை. நூறு வருடத்துக்கு அப்புறம் நாம் போய் அதைத் தோண்டி, நீ அவன் இல்லை என்று சொல்வதற்காக இந்த வேலையைத் தொடங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கிராமத்தின் பெயர் கிடைத்துவிட்டது, வரைபடத்தில் இல்லையே?

மாவட்ட எல்லைகள் மாறியதை முதலில் பாருங்கள். பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தால் அது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களின் பகுதிகள் மட்டும் இல்லை, ஆந்திராவின் சித்தூரும் அதில்தான் இருந்தது, 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தின் திருப்பத்தூர் அப்போது சேலத்தோடு இருந்தது, சிவகங்கைப் பக்கம் இன்னொரு திருப்பத்தூரும் உண்டு. வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி, ஜிஞ்சி என்றால் செஞ்சி, சிங்கிள்புட் என்றால் செங்கல்பட்டு. தாலுகா பெயரைச் சரியாகப் பிடித்துவிட்டால் அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து, ஒலி பொருந்தும் ஊர்களைக் குறித்து, உள்ளூர்க்காரரிடம் கேட்கலாம். இதில் தமிழ்நாட்டு நண்பர்களின் உதவி இல்லாமல் ஒரு அடி கூட நகராது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் குடியேற்றம் பற்றிய அரசுக் கோப்புகள் இருக்கின்றன, ஆனால் அங்கே ஒரு தனி ஆளைத் தேடிப் போவதைவிட, மாவட்டத்தையும் வருடத்தையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஊருக்கு நேரில் போகலாமா?

தாராளமாகப் போங்கள், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். போனவரைப் பற்றி ஊரில் யாருக்கும் நினைவு இல்லாமல் இருக்கலாம். நிலத்துக்குப் பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ என்று சிலர் பயப்படுவார்கள், அதனால் முதல் வார்த்தையிலேயே எதற்கு வந்தோம் என்று சொல்லிவிடுங்கள். கோயில் பூசாரி, ஊர்ப் பெரியவர், பள்ளிக்கூட வாத்தியார், இந்த வரிசையில் விசாரித்தால் நல்லது. இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் செய்துகொண்ட 1927 கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியவர்களுக்குத் தலைக்கு 20 பவுண்டு கொடுத்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. அப்படித் திரும்பி வந்த கிளை அந்த ஊரிலேயோ சென்னையிலேயோ இருக்கலாம், "நேட்டால்காரர் வீடு" என்று எதையாவது சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கூட்டாக வேலை செய்வது எப்படி? நான் சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஒரே பெரிய மரம் போடுவதில்லை. ஒவ்வொரு காலனி எண்ணுக்கும் ஒரு தனி மரம், இரண்டு மரங்களை இணைக்க வேண்டுமென்றால் சம்பந்தமில்லாத இருவர் ஆவணங்களைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். மெதுவாகப் போகிறது என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் ஒருமுறை தப்பாக ஒட்டிய கிளையைப் பத்துப் பேர் பிரதி எடுத்துப் போய்விட்டால் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. உயிரோடு இருப்பவர்களின் பெயரும் பிறந்த தேதியும் பொதுவில் போகாது. டர்பன் பக்கம் இருப்பவர்கள் காப்பகத்துக்குப் போய்ப் படம் எடுக்கிறார்கள், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஊர்ப் பெயரை அடையாளம் காண்கிறார்கள், கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கிருந்தாலும் வாசிக்கிறார்கள்.

தாத்தா பெட்டியில் ஒரு பழைய தமிழ்க் கடிதம் இருக்கிறது. எங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

படம் எடுத்து அனுப்புங்கள், வாசித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். முன்பக்கம், பின்பக்கம், மடிப்பில் ஒளிந்திருக்கும் வரி எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் எடுங்கள், பிளாஸ்டிக் ஒட்டி மூடாதீர்கள். பழைய கடிதங்களில் கடைசியில் "இன்னாருக்கு நமஸ்காரம், இன்னாருக்கு ஆசீர்வாதம்" என்று ஒரு வரிசை வரும், யார் பெரியவர், யார் சின்னவர், யார் மாமன், யார் மைத்துனன் என்பது அந்த வரிசையிலேயே இருக்கும். உறை இருந்தால் அதையும் தனியாக ஒரு படம் எடுங்கள், தபால் முத்திரையில் ஊர் பெயரும் தேதியும் கிடைக்கும்.